பாலை வழியும் பாழூரும்

தமிழ்ப் புலவர்கள் நிலத்தை ஐந்தாக வகுத்தார்கள் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அவ்வைந்தில் பாலைக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. மலையும் காடும் வயலும் கடலும் தத்தமக்கென்று நிலம் உடையவை. பாலைக்கோ சொந்த நிலம் கிடையாது. மழை பொய்த்து, வெயில் முதிர்ந்து, காடும் மலையும் தம் இயல்பு திரிந்து நிற்கும்போது அவற்றுக்கு வாய்த்த கோலமே பாலை என்பது சிலப்பதிகாரத்தின் கருத்து. அந்த நிலத்துக்கு உரிய ஒழுக்கமாக நம் முன்னோர் வைத்ததோ பிரிவு. வீட்டை விட்டுப் போகிறவனும், போனவனை நினைத்து வழி பார்த்திருக்கிறவளும்தான் பாலைப் பாட்டின் பாத்திரங்கள்.

இதையெல்லாம் வருஷந்தோறும் வகுப்பில் சொல்லி வரும் நாங்கள், மெய்யான பாலைவனம் ஒன்றைக் கண்ணால் கண்டது சென்ற மார்கழி விடுமுறையில்தான். ஒரே பள்ளிக்கூடத்தைச் சேர்ந்த ஆசிரியர்கள் மூவர், அவரவர் குடும்பத்தோடு புறப்பட்டோம். ஜோத்பூர் வரையில் ரயில்; அதற்கு அப்பால் ஒரு வாடகை வேன். போய்ச் சேர வேண்டிய இடம் ஜைசல்மேர். அதற்கும் அப்பால் குல்தரா என்று ஓர் ஊர் இருக்கிறது, அந்த ஊரில் வீடுகள் உண்டு, தெருக்கள் உண்டு, கோயில் உண்டு, ஆனால் மனிதர்கள் மட்டும் இல்லை என்று கேள்விப்பட்டிருந்தோம். எங்கள் கோஷ்டியில் இருந்த குழந்தைகளுக்கு அரண்மனைகளைக் காட்டிலும் அந்த ஆளில்லாத ஊரின் பேரில்தான் ஆசை அதிகம்.

வன்னி மர வழி

ஜோத்பூரிலிருந்து ஜைசல்மேர் சுமார் 280 கிலோமீட்டர். சாலை நேராகப் போகிறது. நம்மூர்ச் சாலைகளைப் போலக் குளத்துக்கும் கோயிலுக்கும் வளைந்து கொடுப்பதில்லை. பாலைவனம் என்றதும் கண்ணுக்கு எட்டிய மட்டும் மணற்குன்றுகள் என்று எண்ணியிருந்தவர்களுக்கு முதலில் சற்று ஏமாற்றமே. வழியில் பெரும்பாலும் காண்பது கல்லும் சரளையும் கலந்த வெளி. அங்கங்கே எருக்கு, அங்கங்கே முட்புதர், வெகு தூரத்துக்கு ஒன்றாக, குடை பிடித்தாற்போல் ஒரு மரம்.

அந்த மரத்தைக் காட்டி எங்கள் வண்டியோட்டி, "கேஜ்டி" என்றார். கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் அது நம்முடைய வன்னி மரமே என்று தெரிந்தது. நம் சிவன் கோயில்கள் சிலவற்றில் ஸ்தல விருக்ஷமாக மதில் கட்டிக் காக்கப்படும் மரம், இங்கே வெட்டவெளியில் தன்னைத் தானே காத்துக்கொண்டு நிற்கிறது. ராஜஸ்தானத்தின் மாநில மரமும் அதுவே. அதன் தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி. காய் மனிதனுக்குக் கறி. நிழலில் பயிரும் தழைக்கிறது. இந்த மரத்துக்காக உயிரையே கொடுத்தவர்கள் உண்டு. ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி என்ற கிராமத்தில், 1730-ல், அரண்மனைக் கட்டட வேலைக்காக மரம் வெட்ட வந்த அரசாங்கத்து ஆட்களை மறித்து, பிஷ்ணோய் வகுப்பைச் சேர்ந்த ஆணும் பெண்ணுமாக 363 பேர் மரங்களைக் கட்டித் தழுவியபடியே வெட்டுண்டு மடிந்தார்கள். முதலில் வீழ்ந்தவள் அம்ருதா தேவி என்ற மாது. ஆயுதம் ஏந்தாத எதிர்ப்பு நம் நாட்டுக்கு இருபதாம் நூற்றாண்டில் வந்த புதுச் சரக்கு அல்ல என்பதற்கு இதைக் காட்டிலும் அத்தாட்சி வேண்டியதில்லை.

நடுப்பகலில் பொக்ரானை அடைந்தோம். 1974 மே 18-ந் தேதியும், மறுபடி 1998 மே மாதத்திலும் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தியது இந்த ஊருக்கு அப்பாலுள்ள மணல்வெளியில்தான். உலகமே ஒரு நாள் உச்சரித்த அந்தப் பெயரைத் தாங்கிய ஊர், ஒட்டகங்களும் மண்பாண்டக் கடைகளுமாக வெகு சாதுவாக இருக்கிறது. சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் கம்பு ரொட்டியும், மோரும், வன்னிக் காய் வற்றலைப் புளிப்பாய்ச் சமைத்த கறியும் பரிமாறினார்கள். எங்கள் கோஷ்டியின் பெண்மணிகள் அந்தக் கறியின் பக்குவத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளத் தவறவில்லை. மழையே இல்லாத சீமையில் காய்கறியை உலர்த்தி வைத்து வருஷம் முழுவதும் காலம் தள்ளுவதை ஒரு கலையாகவே செய்திருக்கிறார்கள்.

பொக்ரானுக்கு அப்பால் ஜைசல்மேர் ஜில்லாவின் விஸ்தாரம் புலப்படுகிறது. ஜில்லாவின் பரப்பு 38,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 17 பேர். அதே கணக்கில் தமிழ்நாட்டில் 555 பேர். நம்மூரில் ஒரு தெருவில் இருக்கிறவர்களை இங்கே ஒரு தாலுகாவில் தூவி விட்டாற்போல் இருக்கிறது. வருஷத்து மழை இருபது சென்டிமீட்டருக்கும் குறைவு. அதுவும் ஆடி ஆவணியில் சில நாள் பெய்துவிட்டு மறைந்துவிடும். ஆனாலும் சாந்தன் என்ற ஊரருகே பூமிக்குள் ஆழத்தில் நல்ல தண்ணீர் இருக்கிறது. அங்குள்ள ஆழ்குழாய்க் கிணற்றைத் 'தாரின் தண்ணீர்க் குடம்' என்று ஜனங்கள் அழைக்கிறார்கள். தார் பாலைவனத்தில் ஊருக்கு ஊர் சொல்லப்படும் கதைகளைக் கேட்டால், ராஜாக்களைப் பற்றியதில் பாதியும் தண்ணீரைப் பற்றியதில் பாதியுமாக இருக்கும். இரண்டும் கலந்த கதைதான் நாங்கள் பார்க்கப்போன ஊரின் கதை.

பொன்னிறக் கோட்டை

சாயங்கால வெயிலில் ஜைசல்மேர்க் கோட்டை தூரத்தில் தெரிந்தபோது வண்டியில் பேச்சு நின்றுவிட்டது. மஞ்சள் மணற்கல்லால் கட்டிய 99 கொத்தளங்கள் வெயில் பட்டுப் பொன்னாக நிற்கின்றன. 1156-ல் ராவல் ஜைசல் என்ற பட்டி ராஜபுத்திர மன்னர் அடிகோலிய கோட்டை இது. இன்றும் உள்ளே குடும்பங்கள் வசிக்கின்றன. கோயில் மணி அடிக்கிறது. வாசலில் பெண்கள் காய் நறுக்குகிறார்கள்.

ஊரின் செல்வத்துக்குக் காரணம் ஒட்டக வியாபாரம். சிந்து தேசத்துக்கும் அதற்கு அப்பாலும் போய் வந்த வணிகக் கூட்டங்கள் இந்த வழியே வந்து, சுங்கம் செலுத்தி, தண்ணீர் குடித்துப் போயின. வியாபாரம் பம்பாய்த் துறைமுகத்துக்கும் ரயிலுக்கும் திரும்பியபோது ஊர் மங்கிற்று. 1947-ல் தேசம் பிரிந்ததும் சிந்துவுக்குப் போகும் வழியே அடைபட்டது.

கோட்டையில் கண்ட விந்தை ஒன்று. குடம் குடமாய் நீர் சுமந்த காலத்தில் எண்ணூறு வருஷம் அசையாமல் நின்ற கோட்டைக்கு, குழாய்த் தண்ணீர் வந்த பிறகு ஆபத்து வந்திருக்கிறது. வீடுகளிலும் விடுதிகளிலும் கொட்டும் நீர் குன்றின் அடிமண்ணில் ஊறி, அஸ்திவாரத்தை இளக்கி, கொத்தளங்களில் சில சரிந்தும் போயின. 2013-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. தண்ணீர் இல்லாமையால் அழிந்த ஊரைப் பார்க்கப் போகும் வழியில், தண்ணீரை அளவறிந்து செலவிடாமையால் தளரும் கோட்டையைப் பார்த்தது எங்களைச் சிந்திக்க வைத்தது.

ஆளில்லா ஊர்

மறுநாள் காலை குல்தராவுக்குப் புறப்பட்டோம். ஜைசல்மேரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். வழியில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நின்று சுழல்கின்றன. அவற்றை இணைக்கும் மின்கம்பிகளைக் காட்டி, "கோடாவண் பறவைக்கு இவைதான் எமன்" என்றார் வண்டியோட்டி. கோடாவண் என்பது நம்முடைய கானமயில். ஒரு காலத்தில் தமிழ்நாட்டு மேய்ச்சல் வெளிகளிலும் நடமாடிய அந்தப் பெரிய பறவை இன்று உலகில் இருநூறுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது; எஞ்சியவற்றில் பெரும்பாலும் இந்த ஜில்லாவில்தான். நாங்கள் எவ்வளவோ கண்ணை நட்டுப் பார்த்தும் ஒன்றும் புலப்படவில்லை.

குல்தராவின் வாயிலில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தோம். முதலில் மனத்தில் பதிவது பயம் அல்ல; ஒழுங்கு. தெற்கு வடக்காக நீண்ட ஊர். நீளம் 861 மீட்டர், அகலம் 261 மீட்டர். நேரான அகலத் தெருக்கள், குறுக்கே சந்துகள், ஊர் நடுவே கோயில். வீடுகளுக்குக் கூரை இல்லை. சுவர் மட்டும் இடுப்பளவிலும் தலையளவிலும் நிற்கிறது. சுண்ணாம்பு இல்லாமல் கல்லோடு கல்லைப் பொருத்திய சுவர்கள். வீட்டுக்குள் முற்றம், மாடம், பரணுக்குப் போகும் படி, வண்டி நிறுத்த இடம். எங்கள் வீட்டுப் பெண்மணி ஒருவர் ஒரு முற்றத்தில் நின்று, "இது சமையலறை, இது சாமான் அறை, பாத்திரம் துலக்குவது இந்த மூலையில்" என்று தம் வீட்டைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போனார். யாரும் மறுக்கவில்லை. ஊரின் அந்தரங்கத்தை எங்களில் முதலில் கண்டுகொண்டவர் அவர்தான்.

சுமார் 410 வீடுகளின் இடிபாடுகள் இங்கே எண்ணப்பட்டிருக்கின்றன. சற்றுத் தாழ்வான புறச்சேரியில் மேலும் 200 வீடுகள். ஓரமாகக் காக்னி என்ற ஆற்றின் வறண்ட படுகை. ஊருக்கு வெளியே மூன்று மயானங்களும் அவற்றில் நடுகற்களும் இருக்கின்றன. படிக்கிணறு ஒன்றும் உண்டு. இங்கு வாழ்ந்தவர்கள் பாலிவால் அந்தணர்கள்; ஜோத்பூருக்கு அருகேயுள்ள பாலி நகரத்திலிருந்து வந்தவர்களாதலால் அந்தப் பெயர். பெயர்தான் அந்தணரே தவிர, தொழில் உழவும் வியாபாரமும். குடியானவனுக்கு முன்பணம் கொடுத்தார்கள். கம்பளியும் நெய்யும் வாங்கி வெளிதேசத்துக்கு அனுப்பினார்கள். செல்வத்தில் ஆளும் வகுப்பையும் மிஞ்சியவர்கள் என்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ராஜபுதனத்தின் வரலாற்றை எழுதிய கர்னல் ஜேம்ஸ் டாட் கூறுகிறார்.

கதையும் கணக்கும்

கோயில் திண்ணையில் உட்கார்ந்ததும் வண்டியோட்டி கதையைத் தொடங்கினார். அங்கே ஒவ்வொருவரும் சொல்லும் கதைதான் அது.

ஜைசல்மேர் சமஸ்தானத்தில் சாலிம் சிங் என்று ஒரு திவான். மகாராவல் பெயருக்கு ராஜா. அதிகாரம் எல்லாம் திவானுக்கு. வரிக்கு மேல் வரி போட்டு ஜனங்களைப் பிழிந்தான். ஒரு நாள் குல்தராத் தலைவரின் பெண்ணை அவன் கண் கண்டது. "இத்தனை நாளைக்குள் பெண்ணை அனுப்பாவிட்டால் நானே வந்து தூக்கிப் போவேன்" என்று சொல்லியனுப்பினான். அன்றிரவு 84 கிராமத்துப் பாலிவால்களும் கூடினார்கள். மானமா, மண்ணா என்று யோசித்து, மானமே என்று முடிவு செய்து, விடிவதற்குள் அத்தனை பேரும் அத்தனை ஊரையும் விட்டுப் போனார்கள். போகும்போது, இங்கே இனி ஒருவரும் குடியேறக்கூடாது என்று சபித்துவிட்டுப் போனார்கள்.

"மாஸ்டர்ஜி, அதற்குப் பிறகு இந்த ஊரில் விளக்கு எரியவில்லை. இருட்டினால் நாங்களும் இந்தப் பக்கம் வருவதில்லை" என்று முடித்தார் அவர்.

கதை கம்பீரமான கதை. சொன்னவரும் உணர்ச்சியோடு சொன்னார். குழந்தைகள் மூச்சு விடாமல் கேட்டார்கள். ஆனால் சரித்திரம் போதிக்கிறவர்களுக்குக் கதையோடு கணக்கையும் வைத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. புறப்படுமுன் படித்து வைத்திருந்த குறிப்பை எடுத்தோம்.

குல்தராவின் நடுகற்களில் பட்டிக சகம் என்ற ஆண்டுக்கணக்கு வழங்குகிறது. கிறிஸ்து சகாப்தம் 623-ஐ ஒட்டித் தொடங்கும் கணக்கு அது. அதன்படி இரு கற்கள் 1235-லும் 1238-லும் இறந்தவர்களின் நினைவாக நட்டவை. ஆக, ஊர் ஏறத்தாழ அறுநூறு வருஷம் வாழ்ந்திருக்கிறது. சரித்திராசிரியர் ஸையத் அலி நதீம் ரெஸாவியின் மதிப்பீட்டின்படி, பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கே 1,588 பேர் இருந்திருக்கலாம். டாட் குறித்துள்ள தகவலின்படி 1815-ல் இருந்தவர்கள் 200 வீடுகளில் 800 பேர். 1890-ல் எஞ்சியிருந்தவர்கள் 37 பேர்.

நண்பரின் பன்னிரண்டு வயதுப் பெண் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "மாமா, ஒரே ராத்திரியில் எல்லோரும் போய்விட்டார்களென்றால், அந்த 37 பேர் யார்?" என்றாள்.

வகுப்பறையில் வருஷத்துக்கு ஒரு முறை கேட்கக் கிடைத்தாலும் போதும் என்று ஆசிரியர்கள் ஏங்கும் கேள்வி அது. வண்டியோட்டிக்கு அதை ஹிந்தியில் பெயர்த்துச் சொன்னோம். அவர் சற்று யோசித்தார். பிறகு சிரித்துக்கொண்டு, "கதையில் அவர்களைச் சேர்க்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, பேட்டி" என்றார்.

உண்மையில் நடந்தது என்னவென்று கற்களும் கணக்குகளும் ஒருவாறு சொல்கின்றன. முதலாவது, தண்ணீர். 1815-க்குள் ஊர்க் கிணறுகளில் பெரும்பாலானவை வற்றிவிட்டன. 1850-ல் படிக்கிணறும் ஆழமான இரு கிணறுகளுமே நீர் தந்தன. இரண்டாவது, வரி. சாலிம் சிங்கின் கொடுமையால் பாலிவால்கள் வெளியேறி வந்தார்கள் என்று டாட் தம் காலத்திலேயே எழுதியிருக்கிறார்; ஆகவே கதையின் திவான் கற்பனைப் பாத்திரம் அல்ல. மூன்றாவதாக, 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, சுவர்கள் சரிந்து கிடக்கும் கோலத்தைப் பார்த்து, பூகம்பமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறது. இவற்றில் எதுவும் ஓர் இரவுக்குள் அடங்குவதல்ல.

இங்கே நம் தேச சரித்திரத்தில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. 1818-ல் ஜைசல்மேர் மன்னர் கிழக்கிந்தியக் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டார். கம்பெனி சமஸ்தானத்துக்குப் பாதுகாப்பு அளித்தது. எதனிடமிருந்து பாதுகாப்பு? வெளிப்பகையிடமிருந்து. திவானிடமிருந்து குடிகளுக்குப் பாதுகாப்பு அளிக்கும் ஷரத்து எதுவும் அதில் இல்லை. முன்பெல்லாம் கொடுமை மிஞ்சினால் அரசு மாறும் என்ற அச்சமாவது ஆள்வோருக்கு இருந்தது. வெள்ளைக்காரனின் துப்பாக்கி சிம்மாசனத்துக்குக் காவலாக நின்றபின் அந்த அச்சமும் போயிற்று. குடிகளுக்கு மிஞ்சிய ஒரே ஆயுதம் போய்விடுவது. இந்த ஆயுதத்தைப் பிற்காலத்தில் பர்தோலி விவசாயிகளும் எடுத்தார்கள். 1930-ல் வரி கொடுக்க மறுத்து, வீட்டைப் பூட்டி, பரோடா சமஸ்தானத்து எல்லைக்குள் குடிபெயர்ந்தார்கள். அவர்களுக்குக் காந்தியடிகளும் வல்லபாய் படேலும் இருந்தார்கள். குல்தராவின் குடும்பங்களுக்கு ஒருவரும் இல்லை.

ஜைசல்மேரின் சர்வாதிகாரம் அத்தோடு தீரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சமஸ்தானத்தின் அநீதியைப் புத்தகமாக எழுதி வெளியிட்ட சாகர்மல் கோபா என்ற தேசபக்தர் 1941-ல் சிறைப்பட்டார். கொடிய சித்திரவதைக்குப் பிறகு, சிறையிலேயே தீக்காயங்களால் 1946 ஏப்ரல் 4-ந் தேதி உயிர் நீத்தார். சுதந்திரம் வர ஒன்றரை வருஷமும் இல்லை. இன்று பாலையில் தண்ணீர் கொண்டு வரும் இந்திரா காந்தி கால்வாயின் ஒரு கிளைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான நினைவுச் சின்னம்.

மழையைக் கட்டி வைத்தவர்கள்

திரும்பும் வழியில் ஓரிடத்தில், மஞ்சள் வெளியின் நடுவே பச்சைப் பட்டு விரித்தாற்போல் ஒரு வயல் தெரிந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னோம். கடலைச் செடியும் கோதுமையும் முழங்காலளவு நின்றன. பம்பு இல்லை, கிணறு இல்லை, வாய்க்கால் இல்லை. தலைப்பாகை கட்டிய ஒரு முதியவர் வரப்பின்மேல் உட்கார்ந்திருந்தார்.

இதற்குக் 'கடீன்' என்று பெயர். பாறைச் சரிவிலிருந்து மழைநீர் ஓடி வரும் தாழ்விடத்தில் குறுக்கே நீளமாக ஒரு மண்கரை எழுப்புகிறார்கள். வருஷத்தில் நாலைந்து நாள் பெய்யும் மழை, வயலைப்போலப் பல மடங்கு பரப்பிலிருந்து வழிந்து வந்து கரைக்குள் நிற்கும். மண் குடிக்கிற மட்டும் குடிக்கும். அதிகமானால் கலிங்கு வழியே வழிந்து, அடுத்த கடீனுக்குப் போகும். ஐப்பசி கார்த்திகையில் நீர் வற்றியதும் அந்த ஈரத்திலேயே விதைக்கிறார்கள். மறுபடி தண்ணீர் பாய்ச்சாமலே பயிர் விளைகிறது. நம் ஏரிப் பாசனத்தில் ஏரி ஒரிடம், வயல் ஒரிடம். இங்கே ஏரியே வயல். இந்த முறையைப் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பரப்பியவர்கள் பாலிவால்களே என்பது அறிஞர் கருத்து. நிலம் ராஜாவுடையது, கரை எழுப்பி விளைவிப்பது குடியுடையது, விளைச்சலில் நாலில் ஒரு பங்கு ராஜாவுக்கு என்பது அந்நாள் ஏற்பாடு. முக்கால் பங்கு தமக்கு என்ற நம்பிக்கையில் அவர்கள் பாலையைப் பச்சையாக்கினார்கள். அந்த முக்கால் பங்கிலும் திவான் கைவைத்தபோது நம்பிக்கை போயிற்று. கரையைச் செப்பனிட ஆளில்லாவிட்டால் கடீன் இரண்டு மூன்று மழைக்குள் உடையும். கடீன் உடைந்தால் நிலத்துக்குள் இறங்கும் நீர் குறையும், கிணறு வற்றும், இன்னொரு குடும்பம் மூட்டை கட்டும். வரியும் வறட்சியும் தனித்தனிக் காரணங்கள் அல்ல. ஒன்றையொன்று கைபிடித்து நடந்தவை என்று எங்களுக்குத் தோன்றிற்று.

முதியவரிடம் வண்டியோட்டி மூலமாகப் பேச்சுக் கொடுத்தோம். இந்தக் கரையைக் கட்டியவர் யார் என்று கேட்டதற்கு, "பாலிவால்கள்" என்றார். கரை உடையாமல் பார்த்துக்கொள்வது யார் என்றதற்கு, "நாங்கள்தான்; மழைக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும்" என்றார். அவர்கள் இட்ட சாபம் உம்மைப் பாதிக்கவில்லையா என்று எங்களில் ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். முதியவருக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. "சாபம் வீட்டுக்கு இருக்கலாம், பாபு. தண்ணீரைச் சபிப்பவன் உண்டா?" என்றார்.

சாபம் இட்டவர்களின் சந்ததியார் இன்று ராஜஸ்தானத்திலும் வெளியிலும் பல ஊர்களில் பரவி வாழ்கிறார்கள். வடக்கே எல்லோரும் ரக்ஷாபந்தனம் கொண்டாடும் ஆவணிப் பௌர்ணமியன்று பாலிவால்களில் பலர் அதைக் கொண்டாடுவதில்லை. பழைய பாலி நகரம் அழிந்த நாளில் மாண்ட முன்னோருக்குத் தர்ப்பணம் செய்யும் நாளாக அனுஷ்டிக்கிறார்கள். நம்மில் பலர் ஆவணி அவிட்டத்துக்குப் பூணூல் மாற்றிக்கொள்ளும் அதே தினம். இழந்த ஊரை எழுநூறு வருஷமாக நெஞ்சில் சுமக்கும் ஜனங்கள், இரண்டாம் முறையும் ஊரை இழந்தார்கள் என்பதை எண்ணும்போது, கதை ஏன் ஓர் இரவாகச் சுருங்கிற்று என்பதும் விளங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாக, கடன் தீர்க்க முடியாமல், கிணற்றில் கயிறு எட்டாமல், அண்ணன் போனபின் தம்பி, அடுத்த வீடு காலியானபின் இந்த வீடு என்று போனதைச் சொல்வதற்கு நா எழாது. எல்லோரும் சேர்ந்து, தலை நிமிர்ந்து, ஒரே இரவில் போனோம் என்று சொன்னால் அதில் ஒரு மானம் இருக்கிறது. அந்த மானத்தை அவர்களிடமிருந்து பறிக்க எங்களுக்கு மனமில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு மற்றதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஏனென்றால் ஓர் இரவில் அழியும் ஊர்கள் வெகு சில. நம் தனுஷ்கோடி அப்படி அழிந்தது. 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு, புயலும் கடலும் சேர்ந்து ஊரையும் ரயிலையும் கொண்டுபோயின. அப்படிப்பட்ட அழிவு கண்ணுக்குத் தெரியும், பத்திரிகையில் வரும், உதவிக்கும் ஆள் வரும். மெதுவாக அழியும் ஊரைத்தான் ஒருவரும் கவனிப்பதில்லை. ஏரிக்கரை உடைந்து கிடந்தும் வீட்டுக்கு ஓர் ஆள் வராத ஊர், பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு வருஷம் பிள்ளைகள் குறையும் ஊர், திண்ணையில் முதியவர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் தெரு இவை எல்லாம் குல்தரா போன வழியின் மைல்கற்கள். இப்படிப்பட்ட ஊர்களை நேயர்களில் பலர் தங்கள் ஜில்லாவிலேயே அறிவார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்கழி, தை மாதங்களே தகுந்த காலம். பகல் இதமாக இருக்கும், இரவில் கம்பளி அவசியம். ஜைசல்மேருக்கு ரயிலும் உண்டு. குல்தராவைப் பார்க்கிறவர்கள் அதோடு திரும்பிவிடாமல், பக்கத்தில் ஒரு கடீனையும் அவசியம் பார்க்கவேண்டும்; பாழானது ஒன்று, பிழைத்தது ஒன்று என இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஜனங்களைப் பார்த்ததாகும். ஊர்ச் சுவர்களில் ஆணியாலும் கரியாலும் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கும் புண்ணியவான்களை அங்கே நிறையக் கண்டோம். அறுநூறு வருஷம் வாழ்ந்தவர்கள் தங்கள் வீட்டுச் சுவரில் பெயர் எழுதி வைக்கவில்லை. இறந்தவருக்கு மட்டும் மயானத்தில் ஒரு கல் நட்டு, அதில் விநாயகரை வணங்கி, ஆண்டைக் குறித்து வைத்தார்கள். அந்தக் கற்களைக் குழந்தைகள் தொட்டுப் பார்க்க ஆசைப்படுவார்கள். தொடாமல் பார்க்கக் கற்றுக்கொடுப்பது பெரியவர்களின் கடமை.